போதையும் பொறுப்பும்: சாரதிக்கு விதிக்கப்படும் தண்டம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

வெள்ளவத்தையில் ஒரு திருமண விருந்து. மண்டபத்தில் மங்கல நிகழ்ச்சிகள் யாவும் நிறைவெய்தியபின், உறவினரும் நண்பருமாகச் சிலர் மட்டும் மேல்மாடி அறையொன்றிற் கூடியிருக்கின்றனர். சாராயமும் சோடாவும் பரிமாறப்படுகின்றன. நள்ளிரவு கடந்த வேளையில் மூவர் எழுந்து விடைபெறுகின்றனர். மூவரும் கொட்டாஞ்சேனைவாசிகள், மூவரும் ஏறத்தாழ ஒரே அளவு அருந்தியவர்கள், மூவர் கையிலும் தத்தம் வாகனத்தின் திறப்பு இருக்கின்றது. காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை எனக் கொழும்பின் நீளம் முழுவதையும் கடந்தே அவர்கள் வீடு சேரவேண்டும்.

முதலாமவரைப் பம்பலப்பிட்டியிற் பொலிசார் நிறுத்துகின்றனர். சாராய வாடை அடிக்கவே, குழாய் பொருத்திய பலூனை ஊதச் சொல்கின்றனர். குழாயினுள் மஞ்சளாயிருந்த மருந்து பச்சை நிறமாகின்றது. பின்னர் அரசாங்க வைத்தியரின் பரிசோதனை. அதன்பின் நீதவான் நீதிமன்றம். இரண்டாமவரை எவரும் நிறுத்தவில்லை. அவர் வீடு சேர்ந்து, படலையைத் திறந்து, வாகனத்தை உள்ளே விட்டுவிட்டு உறங்கிவிடுகின்றார். மூன்றாமவர் ஜம்பட்டா வீதியில் திரும்பும்போது, புறக்கோட்டையில் லொறியொன்றிலிருந்து மூட்டை இறக்கும் வேலையை முடித்துக்கொண்டு நடந்து வரும் நாட்டாமைத் தொழிலாளி ஒருவரை மோதிவிடுகின்றார். அத்தொழிலாளி இறந்துவிடுகின்றார்.

இம்மூவரும் கற்பனை மாந்தர். இவர்களுக்காகக் காத்திருக்கும் சட்டம் கற்பனையன்று. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் போதையில் வாகனம் செலுத்துதலை அதன் 151ஆம் பிரிவிற் குற்றமாக்கியது. அதற்குரிய தண்டங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வந்துள்ளன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எவருக்கும் தீங்கு விளைவிக்காத முதலாமவருக்கு 25,000 ரூபாவுக்குக் குறையாத தண்டப்பணம் உண்டு. மூன்று மாதம் வரை மறியலும் விதிக்கப்படலாம். சாரதி அனுமதிப்பத்திரம் ஓராண்டு வரை இடைநிறுத்தப்படலாம். ஏனைய வீதிக்குற்றங்கள் சிலவற்றைப் போல, அவ்விடத்தே எழுதித்தரும் துண்டைப் பெற்றுத் தபாற்கந்தோரிற் பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றமன்று இது. நீதவானின் முன் நின்றேயாகவேண்டும். சிறுகாயம், கடுங்காயம் என விளைவு மிக மிகத் தண்டமும் படிப்படியாக உயரும். மரணம் விளைந்தாற் பத்தாண்டு வரையான சிறைவாசத்துக்கும் அனுமதிப்பத்திரம் அறவே இரத்தாதற்கும் இடமுண்டு. இரண்டாமவருக்கு யாதுமில்லை.

இங்கு எழும் வினா எளிமையானது. மூவரும் செய்தது ஒன்றே. ஒரே அளவு அருந்தினர். ஒரே வீதியிற் சென்றனர். ஒரே வகையான அசட்டுத் துணிவைக் கொண்டிருந்தனர். எவரும் எவருக்கும் தீங்கு நினைத்தாரல்லர். அங்ஙனமாயின் ஒருவர்க்குத் தண்டப்பணமும், ஒருவர்க்குச் சிறையும், ஒருவர்க்கு நித்திரையும் கிடைப்பது எந்த அறத்தின் பாற்பட்டது?

இவ்வினாவை மேலைத்தேய மெய்யியலாளர் அண்மைக்காலத்தில் மிகக் கூர்மையாக எழுப்பினர். 1976ஆம் ஆண்டில் பேர்னாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய இருவரும் 'அறவியல் அதிர்ஷ்டம்' என்னும் கருத்தைப் பற்றி ஒருவரையொருவர் எதிர்நோக்கி எழுதினர். நேகல் காட்டிய உதாரணங்களுள் ஒன்று போதையேறிய சாரதியே. அவனுடைய வாகனம் நடைபாதைமீது ஏறும்போது அங்கு எவரும் இல்லாதிருந்தால், அவன் சட்டத்தில் மட்டுமன்றி அறத்திலும் அதிர்ஷ்டசாலி என்பது அவர் கருத்தின் சாரம். ஒருவன் தன் கைக்குட்பட்ட செயலுக்கு மட்டுமே பொறுப்பாளி என எல்லாரும் ஒப்புக்கொள்கின்றனர். ஆயின் நடைபாதையில் ஆள் நிற்பதும் நில்லாததும் சாரதியின் கைக்குட்பட்டவை அல்ல. அவ்வாறிருந்தும் ஒருவனைக் கொலைகாரன் என்றும் மற்றவனைக் கவனமற்றவன் என்றும் உலகம் அழைக்கின்றது. நல்ல சித்தம் ஒன்றே நிபந்தனையின்றி நன்மையானது என்றும், விளைவு அதனைக் கூட்டுவதுமில்லை குறைப்பதுமில்லை என்றும் கருதிய கான்ற் இதனை ஏற்றிருக்கமாட்டார். அவருடைய தராசில் மூவரும் ஒரே தட்டில் நிற்பர்.

கான்ற்றிடம் போகுமுன், கொழும்பு வீடுகளில் இதே வினாவுக்கு வழங்கும் விடையைக் கேட்டல் நன்று. முதலாமவர் அகப்பட்ட செய்தி மறுநாள் உறவினரிடையே பரவும்போது, 'என்ன செய்யிறது, அவருக்கு இப்ப காலம் சரியில்லை' என்றே பேசப்படும். சனி எத்தனையாம் இடத்தில் நிற்கின்றது என்றும் எவரேனும் ஆராய்வர். அன்றிரவு அதே மண்டபத்திலிருந்து எத்தனை பேர் அவ்வாறே வாகனம் செலுத்திச் சென்றனர் என்பதை ஒருவரும் எண்ணிப் பாரார். எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார், அவர் மட்டும் அகப்பட்டார் என்பதே பொதுக் கருத்து. நேகல் நூலெழுதி விளக்க முயன்ற அதிர்ஷ்டம் என்னும் பொருள் இச்சமூகத்தின் வாய்ப்பேச்சில் முன்னமே குடியிருக்கின்றது; தலைகீழாகக் குடியிருக்கின்றது என்பதுதான் வேறுபாடு. எவருக்கும் தீங்கு விளைக்காமல் நிறுத்தப்பட்டவரே மூவருள்ளும் பேறு பெற்றவர். ஜம்பட்டா வீதிக்கு அவர் போய்ச் சேராதபடி பம்பலப்பிட்டியிலேயே ஒரு கை அவரைத் தடுத்தது. அதனை அவர் கெட்ட காலம் என்கின்றார்.

போதை பொறுப்பைக் குறைக்குமா என்பது இதனோடு ஒட்டிய மற்றொரு வினா. 'அவர் நிதானத்தில் இருக்கவில்லை' எனக் கூறுவது பரிந்துரையாக மட்டுமன்றி எதிர்வாதமாகவும் வழங்குகின்றது. இவ்வாதத்தின் பழமை வியப்பூட்டுவது. கிரேக்க நாட்டின் மிட்டிலீன் நகரை ஆண்ட பிட்டகஸ் என்பான், குடித்துவிட்டுக் குற்றமிழைப்போருக்கு நிதானத்திலிருந்து குற்றமிழைப்போரினும் கூடிய தண்டம் விதித்தான் என அரிஸ்ரோட்டில் தமது அரசியல் நூலிற் குறிப்பிடுகின்றார். குடித்தவன்பாற் காட்டத்தக்க இரக்கத்தை அவன் நோக்கவில்லை. குடித்தவரே பெரிதும் வம்பு செய்கின்றனர் என்னும் பொதுநன்மையையே நோக்கினான் என்பது அரிஸ்ரோட்டிலின் விளக்கம். தமது அறவியல் நூலின் மூன்றாம் புத்தகத்தில் அவர் வேறொரு நியாயமும் காட்டுகின்றார்: செயலின் தொடக்கம் அம்மனிதனிடத்திலேயே இருந்தது, குடியாதிருக்க அவனால் முடிந்திருந்தது, அறியாமை அவனே வரவழைத்துக்கொண்டது, ஆதலின் அது மன்னிப்பாகாது.

1883ஆம் ஆண்டில் இலங்கைக்கு வழங்கப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையும் இவ்வழியே செல்கின்றது. தன் விருப்பத்துக்கு மாறாகவோ தான் அறியாமலோ போதையூட்டப்பட்டுச் சித்தம் இழந்தவனுக்கு 78ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. தானே விரும்பிக் குடித்தவனுக்கோ அவ்விலக்கில்லை. அவன் நிதானத்தில் இருந்திருந்தால் எதனை அறிந்திருப்பானோ அதனை அறிந்திருந்தவனாகவே அவனைக் கொள்ளவேண்டும் என்பது 79ஆம் பிரிவின் போக்கு. இது ஒரு புனைவு. குடித்தவன் உண்மையில் அதனை அறிந்திருக்கவில்லை. சட்டம் அறிந்ததாகப் பாவனை செய்கின்றது. ஆயினும் இப்பாவனைக்குள் ஓர் உண்மை உண்டு: நிதானமான மனிதன் ஒருவன் சில மணி நேரத்துக்கு முன் அங்கே இருந்தான், அவனையே சட்டம் தேடிப் பிடிக்கின்றது.

அவனை எந்த நொடியிற் பிடிப்பது என்பதே இடர்ப்பாடு. வாகனத்தை இயக்கிய நொடியில் அவன் போதையில் இருந்தான். அப்போது அவனுடைய தீர்மானிக்கும் ஆற்றலே மங்கியிருந்தது. 'எனக்கு ஒன்றுமில்லை' என அவன் உறுதியாக நம்பியதும் மதுவின் வேலையே. முதற் கிண்ணத்தை ஏந்திய நொடியில் நிதானமாய் இருந்தான், ஆனால் அப்போது அவன் வாகனம் செலுத்தவில்லை, குடித்தான், அவ்வளவே. குடித்தல் சட்டத்திற் குற்றமன்று. குற்றமல்லாத செயல் ஒன்றும், தெளிவற்ற நிலையிற் செய்த செயல் ஒன்றும் சேர்ந்து எவ்வாறு குற்றமாயின? அரிஸ்ரோட்டிலின் வாதம் இவ்விடத்தில் விரைந்து கடந்துவிடுகின்றது எனலாம். குற்றத்தின் நொடி இவ்விரண்டுக்கும் முந்தியது. கொட்டாஞ்சேனையிலிருந்து மாலையிற் புறப்படும்போதே, விருந்திற் குடிக்கப்போகின்றோம் என்பதை அறிந்தவர், திரும்பும் வழி பற்றி யாதும் எண்ணாமல் திறப்பைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டாரே, அந்த நொடி. அப்போது அவர் தெளிவாக இருந்தார், நேரமும் இருந்தது, முச்சக்கர வண்டியும் பஸ்சும் இருந்தன. அந்நொடியைப் பொலிசார் எவராலும் பிடிக்க இயலாது. எனவே சட்டம் அதற்குப் பின்னால் வரும் நொடியைப் பிடித்து முன்னதற்குத் தண்டம் விதிக்கின்றது. குடிக்கு முற்றிலும் அடிமையாகிய ஒருவருக்கு மாலை நேரத்துத் தெளிவு கூட இருந்ததா என வினவலாம். அவர் நிலை வேறு, அவருக்கு வேண்டியது வைத்தியம். இக்கட்டுரை மண்டபத்து மாடி அறையிற் கூடும் சாதாரண மனிதரைப் பற்றியது.

குடியே தீது என்னும் வாதமும் இங்கு வேண்டப்படுவதன்று. அதியமானும் ஔவையாரும் ஒருங்கிருந்து கள்ளுண்டதைச் சங்கப் பாடல் நாணமின்றிப் போற்றுகின்றது. வள்ளுவர் கள்ளுண்ணாமையை வலியுறுத்தினார் என்பது யாவரும் அறிந்ததே. அதனை அவர் எங்கே வைத்தார் என்பதே கவனிக்கற்பாலது. புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், சூதுக்கு முன்னதாக, 93ஆம் அதிகாரமாக அமைத்தார். தனிமனிதனின் தூய்மையைக் காட்டிலும் அவன் பிறரோடு கொள்ளும் உறவும் பொதுவாழ்வும் பற்றிய பகுதி அது. குடித்தவன் வீட்டுத் திண்ணையிற் கிடக்கும்வரை அவனுக்கும் அவன் மனச்சாட்சிக்கும் இடையிலான விவகாரம் ஒன்று உண்டு. காலி வீதிக்கு வந்தபின் அது எல்லாருடைய விவகாரமுமாகும்.

வீதியில் நேர்ந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்குத் தமிழ் மரபிலும் இலங்கை மரபிலும் பெயர்பெற்ற ஒரு வழக்கு உண்டு. சோழ இளவரசனின் தேர்ச்சக்கரத்திற் பசுக்கன்று அகப்பட்டு இறந்த கதையே அது. சிலப்பதிகாரத்திற் கண்ணகி அதனைப் பாண்டியன் முன் எடுத்துக் கூறுகின்றாள். சேக்கிழார் அதனைத் திருவாரூரில் நிகழ்ந்ததாக விரித்துரைக்கின்றார். மகாவம்சமோ அநுராதபுரத்தை 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன்மேல் அதே கதையை ஏற்றிக் கூறுகின்றது. திசாவாவிக்கு வண்டியிற் சென்ற அவன் மகன், தாய்ப்பசுவோடு வழியிற் கிடந்த கன்றை அறியாது கொன்றுவிட்டான். பசு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் அதே சக்கரத்தால் மகனின் தலையை அறுப்பித்தான். தமிழ் மன்னனோடு போர்புரிந்து வென்றவனைப் பாடவந்த நூல் அத்தமிழ் மன்னனின் நீதியை இத்துணை மதிப்புடன் பதிவு செய்திருப்பது தனியே ஒரு கட்டுரைக்குரிய பொருள்.

இக்கதை விளைவை மட்டுமே நோக்கும் நீதியின் உச்சம். இளவரசன் குடித்திருந்தான் என எந்நூலும் கூறவில்லை. அவன் அறியாமற் செய்தான். கன்று இறந்தது, அது போதும். சேக்கிழார் காட்டும் அமைச்சர்கள், நூல்கள் விதித்த கழுவாயைச் செய்து தீர்த்துக்கொள்ளலாம் என எடுத்துரைக்கின்றனர். இக்காலத்து மொழியிற் கூறினால், தண்டப்பணம் கட்டி முடிக்கலாம் என்கின்றனர். மன்னன் மறுத்துவிடுகின்றான்.

மகாவம்சம் இக்கதையோடு நிறுத்தியிருந்தால் எல்லாளனின் நீதி நெஞ்சை உலுக்குவதாக மட்டுமே இருந்திருக்கும். அது வேறொரு நிகழ்ச்சியையும் அடுத்துக் கூறுகின்றது. பிக்குகளை அழைக்கச் சேதியகிரிக்குச் சென்ற எல்லாளனின் தேர் ஒரு தூபியின்மேல் இடித்துச் சேதம் விளைக்கின்றது. அமைச்சர் எடுத்துச் சொன்னதும் மன்னன் தேரிலிருந்து இறங்கி வீதியிற் கிடந்து, தன் தலையையும் அச்சக்கரத்தாலேயே அறுக்குமாறு பணிக்கின்றான். அமைச்சர் இணங்கவில்லை, தூபியைத் திருத்தி அமைத்து அமைதி தேடுமாறு வேண்டுகின்றனர். இடம்பெயர்ந்த 15 கற்களைத் திரும்பவும் பொருத்துவதற்கு அவன் 15,000 கார்ஷாபணங்களைச் செலவிட்டான். மகனுக்கு ஒரு நீதியும் தனக்கு ஒரு நீதியுமா எனக் கேட்கத் தோன்றும். ஆனால் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. கல்லைத் திரும்ப வைக்கலாம்; கன்றை எழுப்ப இயலாது. தான் கருதாத செயலையும் தன்னுடையதென ஏற்று வீதியிற் கிடந்தவன் ஒருவன் என்பதே இவ்விரு கதைகளிலும் மாறாதிருக்கும் பொருள்.

வில்லியம்ஸ் காட்டிய லொறிச் சாரதியும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றான். அவன் யாதொரு பிழையும் செய்யாதவன். அவனுடைய லொறியின்கீழ் ஒரு குழந்தை விழுந்து இறந்துவிடுகின்றது. கூடிநின்று பார்ப்போரின் வருத்தம் வேறு, அவனுடைய வருத்தம் வேறு. 'உன்மேற் பிழையில்லை' என்று அவனைத் தேற்றுவர். ஆனால் அவன் உடனே தேறிவிட்டால் அவனைப் பற்றி ஏதோ ஓர் ஐயம் அவர்களுக்கே எழும். பிழையில்லாதவனுக்கே இதுவாயின், குடித்துவிட்டு வந்தவனின் நிலை யாது?

இவற்றையெல்லாம் கருத்திற்கொண்டு நோக்கின், மூவரும் ஒரே அளவு குற்றமுடையவர் என்னும் கான்ற்றின் தராசு பிழையானதன்று. ஆனால் அது சட்டத்தின் தராசாக இருக்கமுடியாது. மூவருக்கும் சமமாக விதிப்பதெனின், ஒன்றில் முதலாமவருக்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கவேண்டும், அன்றேல் மூன்றாமவரை 25,000 ரூபாவோடு வீட்டுக்கு அனுப்பவேண்டும். முன்னதைச் செய்ய எந்த நீதவானின் மனமும் இடங்கொடாது. பின்னதைச் செய்தால், அந்நாட்டாமைத் தொழிலாளியின் மனைவி நீதிமன்ற வாசலில் நின்று கேட்கும் கேள்விக்கு விடையிராது. மூன்றாமவர் மற்ற இருவரிலும் கொடியவர் என்பதனாலன்று அவருடைய தண்டம் பெரிதாவது. மற்ற இருவருடைய கதைகளில் இல்லாத ஒருவர் அவருடைய கதையில் இருக்கின்றார். அவர் இறந்து கிடக்கின்றார். சட்டம் குற்றவாளியின் உள்ளத்தை அளப்பதற்கு மட்டும் உள்ளதன்று. இழந்தவர்க்கு மறுமொழி கூறும் கடனும் அதற்கு உண்டு.

எனின், முதலாமவருக்கு விதிக்கப்படும் தண்டம் எதற்கு? அங்கு இழந்தவர் எவருமில்லை. ஆங்கில வழக்கில் இத்தகையதைச் சிறு குற்றம் என்பர். பெருங்குற்றம், சிறுகுற்றம் என்னும் பழைய பாகுபாட்டை இங்கிலாந்து 1967இற் கைவிட்டது. அமெரிக்க மாநிலங்களில் அது நிலைத்திருக்கின்றது; அங்கெல்லாம் முதன்முறை போதையிற் செலுத்தி அகப்பட்டவர் பெரும்பாலும் சிறுகுற்றத்துக்கே ஆளாகின்றார். இச்சொல் ஏமாற்றக்கூடியது. குற்றம் சிறிதாயிற்று; அதனைச் சிறிதாக்கியவர் சாரதியல்லர். வீதியைச் சற்று முன்னரோ பின்னரோ கடந்து சென்ற யாரோ ஒருவர் அதனைச் சிறிதாக்கினார். முதலாமவருக்கு விதிக்கப்படும் தண்டத்தின் பணி, தான் கொல்லாமல் விட்ட அந்த மனிதரை அவர் கண்முன் நிறுத்துவதாகும். ஆதலின் ஒவ்வொரு வகைத் தண்டத்தையும், அப்பணியைச் செய்கின்றதா என்று கேட்டே மதிப்பிடவேண்டும்.

பணத்தண்டம் அதனைச் செய்வதாகத் தோன்றவில்லை. பணம் கட்டியவுடன் கணக்குத் தீர்ந்தது என்னும் உணர்வு எழுகின்றது. பொருளொன்றை வாங்கியவனின் உணர்வு அது. அன்றியும் பணம் எல்லார்க்கும் ஒரே கனமுடையதன்று. செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருப்பவருக்கு 25,000 ரூபா ஒரு விருந்துச் செலவு. அக்கடை வாசலில் முச்சக்கர வண்டி நிறுத்தியிருப்பவருக்கு அது வீட்டு வாடகையும் பிள்ளையின் பாடசாலைச் செலவும். 2016ஆம் ஆண்டின் இறுதியில், குறிப்பிட்ட வீதிக்குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாவாக்கப்படும் என வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டபோது, தனியார் பஸ் ஊழியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உயிரைக் காக்க வந்த விதியை எதிர்ப்பதா என அன்று பலர் சினந்தனர். அச்சினம் நியாயமானதே, ஆயினும் ஒரே தொகை ஒரே தண்டமாகாது என்னும் அவர்களுடைய முறைப்பாட்டின் உள்ளீடும் நியாயமானதே. பின்லாந்து 1921ஆம் ஆண்டு முதலே இதற்கொரு வழி கண்டிருக்கின்றது. அங்கு நீதிமன்றம் இத்தனை ரூபா என விதிப்பதில்லை. இத்தனை நாள் வருமானம் என விதிக்கின்றது. வேகமாக வாகனம் செலுத்திய குற்றத்துக்காக நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரியொருவருக்கு 2002இல் ஒரு இலட்சம் யூரோவுக்கும் அதிகமான தண்டம் விதிக்கப்பட்ட செய்தி உலகெங்கும் பரவியது. வருமானத்தை ஒளிப்பது ஒரு கலையாக வளர்ந்துள்ள நாடொன்றில் அம்முறை எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு விடயம்.

அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துதல் இப்பணிக்குக் கூடுதலாகப் பொருந்துகின்றது. அனுமதிப்பத்திரம் என்னும் சொல்லே அதற்குச் சான்று. ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள இரும்பை, பிள்ளைகளும் முதியோரும் நடமாடும் வீதியில் ஓட்டிச்செல்லச் சமூகம் ஒருவரை நம்பிக் கொடுத்த அனுமதி அது. அந்நம்பிக்கையை அவர் மீறினார். ஆகவே சில காலத்துக்கு அது மீளப்பெறப்படுகின்றது. குற்றத்துக்கும் தண்டத்துக்கும் இடையே பணத்தில் இல்லாத ஓர் உறவு இங்கு உண்டு. ஓராண்டு காலம் பஸ்சில் நின்றுகொண்டு பயணம் செய்பவர், வீதியைக் கடக்கும் மனிதரின் பக்கத்திலிருந்து வீதியைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவும் கூடும்.

ஆயினும் இங்கும் சமமின்மை தொடர்ந்து வருகின்றது. செல்வர் ஒரு சாரதியை அமர்த்திக்கொள்வார். பின் ஆசனத்தில் இருந்தபடியே ஓராண்டு கழிந்துவிடும். முச்சக்கர வண்டிக்காரருக்கோ அனுமதிப்பத்திரம் போனால் அடுப்பு அணையும். தொழிலாகச் செலுத்துபவரே நாள்தோறும் மிகுதியான உயிர்களைத் தம் கையில் வைத்திருப்பவர். ஆதலின் அவரிடமே கண்டிப்பு வேண்டும் என்பர். அது உண்மை. அவருடைய பிள்ளைகள் யாதொரு குற்றமும் செய்யவில்லை என்பதும் உண்மை. ஓராண்டு வரை என்று மேலெல்லையை மட்டும் வகுத்து, உட்பட்ட கால அளவை நீதவானிடம் விடுவதில் ஒரு விவேகம் உண்டு. அந்த விவேகம் ஏழைக்கு இரங்கும்போது பணக்காரரை நோக்கியும் கடுமையாகத் திரும்புதல் வேண்டும். மூன்று மாதம் வரையான மறியல் ஏட்டிலே இருக்கின்றது. தண்டப்பணமும் அனுமதிப்பத்திர இழப்பும் தொடாத ஒருவர் திரும்பத் திரும்ப அகப்படுவாராயின், அவருக்கென்றே அது எழுதப்பட்டதாகக் கொள்ளலாம். காலம் ஒன்றே இருவருக்கும் சமமான நாணயம்.

இடையே அரசைப் பற்றியும் ஒரு சொல். மது விற்பனையிற் பெருந்தீர்வை பெறுவதும் அரசு. மதுவருந்திச் செலுத்துவோரிடம் தண்டம் பெறுவதும் அரசு. 1912ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியினரின் புதிய மதுவரிக் கொள்கையின்கீழ் ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது எழுந்த மதுவிலக்கு இயக்கம் இந்த இரட்டை நிலையையே சுட்டிக்காட்டியது. சுதந்திர இலங்கையும் அதிலிருந்து விடுபடவில்லை. பூரணை நாளில் மதுக்கடைகளை மூடுவதோடு அதன் மனச்சாட்சி ஓரளவு அமைதியடைகின்றது போலும். முதல்நாட் பின்னேரம் அக்கடைகளின் முன் நிற்கும் வரிசையைக் கண்டவர்க்கு இவ்வமைதியின் ஆழம் புரியும்.

எந்த அளவு போதை குற்றமாகும் என்பதிலும் நாடுகளுக்கிடையே உடன்பாடில்லை. இரத்தத்தில் இவ்வளவு மதுவெனின் குற்றம் என முதன்முதல் எல்லை வகுத்த நாடு நோர்வே, ஆண்டு 1936. பிரித்தானியா 1967இல் 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என வகுத்தது. இலங்கையிலும் நெடுங்காலம் வழங்கியது அவ்வெண்ணே. இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ 30 மில்லிகிராம் என்கின்றது. பாக்குநீரிணையைக் கடந்தால் ஒரே மனிதர், ஒரே இரத்தம், சென்னையிற் குற்றவாளி, வெள்ளவத்தையில் நிரபராதி என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. 79இல் இருப்பவர் நல்லவர், 81இல் இருப்பவர் தீயவர் என எவரும் கருதார். எண் என்பது நீதிமன்றத்தின் வசதிக்காக இட்ட கோடு. அக்கோட்டுக்குக் கீழே நிற்கின்றோமா என ஒருவர் கணக்குப் பார்க்கத் தொடங்கும்போதே, எவரையும் இடியாமல் வீடு சேர்வோமா என்னும் கேள்வி அவரைவிட்டு அகன்றுவிடுகின்றது.

இக்கணக்கும் பெரும்பாலும் பிழையாகவே முடிகின்றது. தேசிக்காய்த் தண்ணீர் குடித்தால் தெளியும், கடும் கோப்பி குடித்தால் இறங்கும், முகம் கழுவினாற் போதும் என்றெல்லாம் விருந்து அறைகளில் வைத்தியம் நடக்கும். ஈரல் இவற்றுக்குச் செவிசாய்ப்பதில்லை. சராசரி உடல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதமே இரத்தத்திலிருந்து மதுவை நீக்குகின்றது. நள்ளிரவில் 150இல் இருந்தவர் 80இற்கு இறங்க அதிகாலை ஐந்து மணியை நெருங்கவேண்டும். ஒரு தூக்கம் தூங்கிவிட்டேன் என்று விடியுமுன் வாகனத்தை எடுப்பவரும் இதனாற் பிழைபடுகின்றார்.

இறுதியாக அம்மாடி அறையிற் பரிமாறியவர்களைப் பற்றி. 'இன்னும் ஒன்று' என்று வற்புறுத்தி ஊற்றியவரும், 'அவர் குடிச்சாலும் நல்லா ஓடுவார்' என்று மெச்சியவரும், பக்கத்து ஆசனத்தில் ஏறிக்கொண்டவரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் அப்பிரிவில் இல்லை. ஆயினும் குற்றத்தின் நொடியை மாலை நேரத்துத் தெளிவிலே தேடுவது சரியாயின், அன்று தெளிவாக இருந்தவர்களுள் அவர்களும் அடங்குவர். திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு, படுத்துவிட்டுக் காலையிற் போகும்படி சொல்ல ஒருவருக்கேனும் முடிந்திருக்கும். அவ்வாறு சொன்னால் விருந்தாளி கோபிப்பார், விருந்தின் இனிமை கெடும், மாப்பிள்ளை வீட்டார் ஏதேனும் நினைப்பர் என்று எண்ணியே வாளாவிருந்தனர். நாட்டாமைத் தொழிலாளியின் உயிருக்கு எதிரே வைக்கப்பட்டவை இவையே. மூன்றாமவரின் வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் இவர்களுட் பலர் புதுக்கடை நீதிமன்றத்துக்கு வந்து, மண்டபத்தின் பின்வரிசையில் அமர்ந்து, 'பாவம், நல்ல மனிசன், காலம் சரியில்லை' எனத் தமக்குள் பேசிக்கொள்வர்.

இரண்டாமவர் வரமாட்டார். அவருக்கு வழக்கில்லை. விருந்தின் மறுநாட் காலையில் அவர் பிந்தி எழும்புகின்றார், தலை கனக்கின்றது. காலிமுகத்திடலைக் கடந்தது வரை நினைவிருக்கின்றது. அதன்பின் கோட்டையும் புறக்கோட்டையும் ஜம்பட்டா வீதியும் நினைவிலில்லை. மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் அவர் முற்றத்துக்கு வந்து வாகனத்தின் முன்புறத்தைக் குனிந்து பார்க்கின்றார். விளக்கைத் துடைத்துப் பார்க்கின்றார். மறுபுறமும் சென்று பார்க்கின்றார். கீறல் ஏதுமில்லை. திறப்பை வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு, தேநீர் அருந்த உள்ளே செல்கின்றார்.